பலகை தரும் துவர்ப்பு

போர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்து அமெரிக்காவில் வடிக்கப்படும் விஸ்கி. தானியக் கலவையில் மக்காச்சோளம் 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வடித்தெடுத்த சாராயம் உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். பீப்பாய்க்குள் இறங்கும்போது அதன் காட்டம் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புட்டியில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. நிறத்தையோ மணத்தையோ வெளியிலிருந்து சேர்க்க இடமில்லை. இவ்வளவும் அந்நாட்டுச் சட்டம். போர்பன் அமெரிக்காவுக்கே உரிய சரக்கு என்று 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானமும் போட்டிருக்கிறது. இந்த நிபந்தனைகளில் ருசியைத் தீர்மானிப்பது ‘புதிய பீப்பாய்’ என்பதுதான். ஒருமுறை ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற முடியாது என்பதால், பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருக்கும் கப்பலேறிவிடுகின்றன.

முற்றாக ஊறிய போர்பனுக்குள் வேறு ஓக் பலகைகளை இறக்கி, சில வாரங்கள் மறுபடி ஊறவைப்பது பிற்காலத்தில் வந்த முறை. கென்டக்கி மாநிலத்தின் லொரெட்டோ என்னும் சிற்றூரிலிருக்கும் மேக்கர்ஸ் மார்க் சாராய ஆலை 2010இல் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1953இல் அந்த ஆலையை வாங்கிய பில் சாமுவேல்ஸின் மகன், அப்பாவின் சரக்கையே இத்தனை காலம் விற்றாயிற்று, தன் பெயர் சொல்ல ஒன்று வேண்டாமா என்று ஓய்வுபெறும் வயதில் இறங்கிய வேலை அது. பீப்பாய்ப் பலகை செய்யும் இண்டிபெண்டன்ட் ஸ்டேவ் நிறுவனம் விதவிதமாகச் சுட்ட பலகைகளைத் தந்து சோதித்தது. அவற்றில் 46ஆம் எண்ணிட்ட பலகை தேறியது. சரக்கின் பெயரும் ‘மேக்கர்ஸ் 46’ ஆனது. செய்முறை எளிது. ஊறி முடிந்த போர்பனைப் பீப்பாயிலிருந்து இறக்குவார்கள். மேற்பரப்பு மட்டும் தீயில் வாட்டிய பத்து பிரெஞ்சு ஓக் பலகைகளை அதே பீப்பாய்க்குள் பொருத்துவார்கள். போர்பனைத் திரும்ப ஊற்றிக் குளிர்ச்சியான இடத்தில் சுமார் ஒன்பது வாரம் விடுவார்கள்.

சாராயத்தோடு மரத்தைச் சேர்ப்பது மதுரைச் சமவெளிக்குப் புதிதல்ல. உசில மரத்தின் பெயரைச் சுமக்கும் உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் வெள்வேல மரம் தானாக வளர்ந்து நிற்கும். ஆடு மேய்ப்பவர்கள் நெற்றுக்காக அதைத் தேடுவார்கள். ஆங்கிலேயர் காலத்துத் தாவர நூல்கள் அதற்குச் ‘சாராயம் வடிப்பவரின் வேலமரம்’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கின்றன. வெல்லத்தையோ பதநீரையோ புளிக்கவைக்கும் ஊறலில் இந்த மரத்தின் பட்டையைப் போடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. ‘பட்டைச் சாராயம்’ என்ற பெயர் அதனால் வந்தது. பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சாற்றிலிருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டி அடியில் படியவைக்கும், ஊறல் தெளியும். டானின் ஆவியாகாது. வாலையில் காய்ச்சும்போது அது பானையிலேயே தங்கிவிடும், வடிந்து வரும் சாராயம் நிறமின்றித் தெளிவாக இருக்கும். பட்டை வடிப்பதற்கு முன் வேலை செய்கிறது, ஓக் பலகை வடித்த பிறகு வேலை செய்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் விளைவு தலைகீழ். ஓக்கிலிருந்து இறங்குவது எதுவும் பானையில் தங்குவதில்லை, அத்தனையும் குடிப்பவரின் நாக்குக்கே வருகிறது.

ஓக் மரத்தில் என்னதான் இருக்கிறது? நார்ப்பொருளான செல்லுலோஸ் சுவைக்குப் பெரிதாக ஒன்றும் தருவதில்லை. அதன் தம்பி போன்ற ஹெமிசெல்லுலோஸ் சூட்டில் உடைந்து சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை கருகிப் பாகு மணம் தரும். காய்ச்சிய வெல்லப்பாகு, வறுத்த பாதாம் என்று ருசிப்பவர்கள் சொல்வது இதைத்தான். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் உடைந்தால் வெனிலா மணம் வரும். பழைய புத்தகத்தைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் இனிய வாசத்திலும் இதே பொருளுக்குப் பங்கு உண்டு, காகிதமும் மரம்தானே. ஓக்குக்கே உரிய லாக்டோன் என்ற பொருள் தேங்காயை நினைவூட்டும். யூஜினால் இருப்பதால் கிராம்பு மணமும் வரும். கிராம்பின் மணத்துக்குக் காரணமும் அதே யூஜினால்தான். மரத்தைச் சுடச்சுடக் குவாயகால் போன்ற புகைமணப் பொருள்கள் கூடும். இவற்றோடு டானின். நாட்டுக்கு நாடு அளவு மாறும். அமெரிக்க வெள்ளை ஓக்கில் தேங்காய், வெனிலா வாசம் தூக்கலாக இருக்கும். பிரெஞ்சு ஓக்கில் டானினும் மசாலா வாசமும் கூடுதல்.

பீப்பாய்ச் சுவருக்கும் உள்ளே இறக்கும் பலகைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சுவரில் சாராயம் படுவது ஒரு பக்கம் மட்டும். உள்ளே புகுந்து பாதி வழியில் நின்றுவிடும். உள்ளே இறக்கிய பலகையை அது இரு பக்கமும் ஓரங்களிலும் ஊடுருவும். அதனால்தான் ஒன்பது வாரத்தில் வித்தியாசம் தெரிகிறது. பலகையின் மேல்பரப்பை எவ்வளவு நேரம், எத்தகைய தீயில் வாட்டுவது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. ஆழமாகக் கருக்கினால் கரி கூடும். மேலோட்டமாக வாட்டினால் சர்க்கரை மட்டும் பாகாகி, உள்மரம் பச்சையாகவே இருக்கும். மேக்கர்ஸ் மார்க் பிறகு ஐந்து வகைப் பலகைகளை வைத்து, வாங்கும் கடைக்காரரே எந்த வகையில் எத்தனை என்று பத்துப் பலகைகளைத் தேர்ந்துகொள்ளும் திட்டத்தையும் தொடங்கியது. ஐந்து வகையில் பத்தைத் தேர்ந்தெடுக்க 1001 வழி உண்டு என்று விளம்பரம் சொல்கிறது. பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. 2016இல் இதற்கென்றே சுண்ணாம்புப் பாறைக் குன்றைக் குடைந்து ஒரு நிலவறை கட்டினார்கள். அங்கே வெப்பம் ஆண்டு முழுவதும் 10 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெப்பம் ஏறினால் பலகையிலிருந்து கசப்பும் துவர்ப்பும் அதிகம் இறங்கிவிடும் என்பது ஆலையின் விளக்கம். விளம்பரத்தில் வரும் வாசகம்தான் என்றாலும், டீத்தூளைக் கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு நம்பக் கடினமில்லை.

பலகையை உள்ளே இறக்க எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை. லண்டனில் இயங்கும் காம்பஸ் பாக்ஸ் நிறுவனம் 2005இல் பீப்பாய்க்குள் பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பொருத்தி ‘ஸ்பைஸ் ட்ரீ’ என்ற ஸ்காட்ச் விஸ்கியை வெளியிட்டது. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குத் தொடுப்போம் என்றது. பலகையை உள்ளே இறக்குவது மரபல்ல என்பது வாதம். நிறுவனம் சரக்கை நிறுத்திவிட்டு, 2009இல் அதே பெயரில் வேறு வழியில் திரும்பி வந்தது. இம்முறை பலகைகளை உள்ளே தொங்கவிடவில்லை. பீப்பாயின் இரு மூடிகளையும் பிரெஞ்சு ஓக்கால் செய்தார்கள். மூடி பீப்பாயின் பகுதி, ஆகவே சங்கத்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் தடை இல்லை. ஆனால் மேக்கர்ஸ் 46 போன்றவற்றின் சீட்டில் ‘ஓக் பலகைகளால் நிறைவு செய்யப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

இந்தியாவில் இதற்கு அருகே வருவது பெங்களூரு அம்ருத் ஆலையின் ‘ஸ்பெக்ட்ரம்’. 1948இல் தொடங்கிய அம்ருத், 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே தன் முதல் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்திய துணிச்சல்கார நிறுவனம். ஸ்பெக்ட்ரம் விஸ்கி முதலில் பழைய போர்பன் பீப்பாயில் ஊறும். பிறகு புதிய அமெரிக்க ஓக், பிரெஞ்சு ஓக், ஷெர்ரி ஊறிய ஓக் என்று வேறுவேறு பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே பீப்பாய்க்கு மாறும். லொரெட்டோக்காரர்கள் பலகையை உள்ளே இறக்கினார்கள், இவர்கள் பலகைகளையே சுவராக எழுப்பிவிட்டார்கள்.

பெங்களூரில் பலகையைவிடப் பெரிய சக்தி வெப்பம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகும். அதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். ஐந்தாண்டு கழித்து ஸ்காட்லாந்துப் பீப்பாயில் 90 சதவீதம் மீந்திருந்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் இழக்கும் பெங்களூர்ப் பீப்பாயில் 59 சதவீதம்தான் இருக்கும். எட்டு ஆண்டு தாக்குப்பிடித்த ஒரு சரக்குக்கு அம்ருத் ‘பேராசைக்காரத் தேவதைகள்’ என்ற பொருளில் பெயர் வைத்தது பொருத்தம்தான். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருந்தும் இந்தக் கதி. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் ஒரு பீப்பாயை வைத்தால், மரம் வெகு சீக்கிரம் சாராயத்தை விழுங்கிவிடும். வெப்ப நாட்டில் வயது என்பது தரத்தின் அளவுகோலாகாது. பன்னிரண்டு ஆண்டு என்று சீட்டில் பார்த்ததும் மயங்குவது குளிர்நாட்டுப் பழக்கம்.

ஓக்கே வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்தெடுக்கும் சாராயத்தை ஹல்மில்லா என்ற மரத்தாலான பெரிய தொட்டிகளில் பல ஆண்டுகள் ஊறவைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குத் திருகோணமலை மரம் என்று பெயர். சென்னைக் கடற்கரையில் ஓடிய மசூலாப் படகுகள் கட்ட இறக்குமதியானதும் இதுவே. தென்னஞ்சாராயத்தில் கள்ளின் பூமணமே முன்னால் வந்து நிற்கும், மரம் பின்னணியில் இருக்கும். மரத்தை அடக்கிவைத்தால் சரக்கு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்களுக்கு அது நல்ல பாடம்.

பலகையிட்ட போர்பனை மதிப்பிடுவது, அது எதிலிருந்து வந்ததோ அதைப் பக்கத்தில் வைத்துத்தான். தனியாக ஒரு கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு ‘வெனிலா இருக்கிறது, கிராம்பு இருக்கிறது’ என்று சொல்வதில் பயனில்லை, எல்லாப் போர்பனிலும் அவை இருக்கும். பலகை என்ன சேர்த்தது என்பதே கேள்வி. மேக்கர்ஸ் 46ஐ ருசித்தால் சாதா மேக்கர்ஸ் மார்க்கும் அருகே வேண்டும். சாதாச் சரக்கின் காட்டம் 45 சதவீதம், பலகையிட்டதோ 47. காட்டம் கூடியதையே சுவை கூடியதாக நினைத்து ஏமாறுவது எளிது. எனவே 30 மில்லிலிட்டர் 46இல் சுமார் 1.3 மில்லிலிட்டர், அதாவது 25 சொட்டு அளவு தண்ணீர் சேர்த்தால் இரண்டும் சமமாகும். கிளாஸ்களின் அடியில் குறியிட்டு, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்வது இன்னும் நல்லது.

கிளாஸ் துலிப் பூவைப் போல அடி அகன்று வாய் குறுகி இருக்க வேண்டும். வாசம் மேலே திரளும். விஸ்கிக்கென்றே செய்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இந்த வடிவம்தான். ஐஸ் கூடாது. குளிர் மணத்தைப் பூட்டிவைக்கும், கெட்ட சரக்கைக் காப்பாற்றவே அது உதவும். அறை வெப்பத்தில் ருசிக்க வேண்டும் என்று மேல்நாட்டு நூல்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் அறை 20 டிகிரி. வைகாசியில் உசிலம்பட்டி வீட்டு அறை 35க்கு மேல் போகும். அதில் சாராய நெடி மட்டுமே மூக்கில் அடிக்கும். புட்டியைக் கொஞ்ச நேரம் மண்பானைத் தண்ணீரில் நிறுத்தினால் சரியாகிவிடும்.

நிறத்துக்கு அதிக மதிப்பு வேண்டாம். ஸ்காட்சிலும் இந்திய விஸ்கியிலும் கேரமல் நிறமி சேர்ப்பது சகஜம். போர்பனுக்கு அந்த அனுமதி இல்லாததால், பலகையிட்டது சற்றுக் கருத்திருந்தால் அது மரத்தின் வேலைதான். அதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. மூக்குக்கு வரும்போது வாயை லேசாகத் திறந்துவைத்து, கிளாஸை முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து முகர வேண்டும். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் முதல் இழுப்பிலேயே நெடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். சாதாச் சரக்கில் மக்காச்சோளத்தின் இனிப்பும், ரை தானியத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் கோதுமையின் மென்மையும், ஈஸ்ட் தந்த வாழைப்பழ வாசமும் கிடைக்க வேண்டும். பலகையிட்டதில் அவை மறையாமல், அவற்றின் மேலே கருப்பட்டி, பட்டை, கிராம்பு வர வேண்டும். கீழிருப்பது அழிந்து மேலிருப்பது மட்டும் நின்றால், அது பெயிண்ட் அடித்த வீடு.

முதலில், காட்டத்தைச் சமமாக்கச் சேர்த்ததற்கு மேல் தண்ணீர் சேர்க்காமல் ஒரு சிறு மிடறு. நாக்கில் பரப்பி, பத்து விநாடி வைத்திருந்து விழுங்கவோ துப்பவோ வேண்டும். தொழில்முறை ருசிப்பாளர்கள் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். பிறகு சில சொட்டுத் தண்ணீர். இது வெறும் பழக்கம் அல்ல என்று நினைத்தவர்களுக்கு 2017இல் ஓர் ஆதரவு கிடைத்தது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் ஆகிய இருவர் கணினியில் செய்த ஆய்வு அது. காட்டம் 45 சதவீதம் வரை இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே திரள்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் சாராய மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளுக்குள் இழுத்துவிடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். மரம் தந்த மணத்தை வெளியே வரவழைக்கத் தண்ணீர் உதவும் என்பதே இதன் சாரம்.

தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம் மிடறு இறங்கிய பிறகுதான், துவர்ப்பில். மேல்நாட்டுச் சுவைக் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதற்குப் பிறகு ஜப்பானியர் சேர்த்த உமாமி என்று ஐந்து. துவர்ப்புக்கு அதில் இடமில்லை. அவர்கள் அதை வாயில் ஏற்படும் ஓர் உணர்வு என்கிறார்கள். டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுவதால் நாக்கும் கன்னமும் வறண்டு இறுகும், அதுவே துவர்ப்பு. வெள்வேலம் பட்டை ஊறலில் செய்யும் அதே வேலையை ஓக் பலகை வாய்க்குள் செய்கிறது. அறுசுவையில் துவர்ப்பையும் ஒன்றாக வைத்த தமிழருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, ஏனெனில் அதன் தரங்கள் நமக்குப் பழக்கம். நாவற்பழத்தின் துவர்ப்பு இனிப்போடு வந்து வாயைச் சுத்தமாக்கிவிட்டுப் போய்விடும். வாழைப்பூவின் துவர்ப்பு சமைத்தால் அடங்கும். கொட்டைப்பாக்கின் துவர்ப்பு கன்னத்தைப் பிடிக்கும். மாதுளைத் தோலின் துவர்ப்பு கசப்போடு சேர்ந்து நிற்கும். கடுக்காயின் துவர்ப்பு மணிக்கணக்கில் விடாது.

நல்ல பலகையிட்ட போர்பன் நாவற்பழப் பக்கம் இருக்கும்: பாகு இனிப்பு முதலில், கிராம்புக் கார்ப்பு நடுவில், லேசான துவர்ப்பு கடைசியில், பிறகு மீண்டும் இனிப்பு. பாக்கை எட்டினால் பலகை கூடுதல், ஆனாலும் ஏற்கலாம். மாதுளைத் தோல் அளவுக்குப் போனால் அது கெட்டுவிட்டது. ஒன்று பலகை பச்சையாக இருந்திருக்கும், இல்லையென்றால் வெப்பத்திலோ அளவுக்கு மீறியோ ஊறியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலகையால் மரச்சாற்றை விரைவாக இறக்க முடியும், ஆனால் காலத்தை விரைவாக ஓட்ட முடியாது. பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் நடப்பது மரச்சாறு இறங்குவது மட்டுமல்ல. மரத்தின் வழியே மெதுவாகப் புகும் காற்று சாராயத்தின் முரட்டுத்தனத்தைக் குறைக்கிறது, அமிலமும் சாராயமும் கூடிப் பழவாசப் பொருள்கள் உண்டாகின்றன. ஒன்பது வாரத்தில் அதெல்லாம் நடக்காது. ஆகவே அடிச்சரக்கு முதிர்ந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வெனிலாவும் பாகும் நிறைய இருந்தும் மிடறு தொண்டையில் சுள்ளென்று இறங்கினால், இளம் சாராயத்துக்கு மரக் கஷாயம் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். மேக்கர்ஸ் மார்க் முழுதாக ஊறிய சரக்கில்தான் பலகையை இறக்குகிறது. இதைச் செய்யும் எல்லோரும் அப்படியல்லர், மரத்தூளையும் சில்லுகளையும் போட்டு வயதைப் போலியாகக் காட்டும் சரக்குகளும் சந்தையில் உண்டு.

இந்தியாவில் விலை குறைவாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பகுதிக்கு இந்தச் சோதனையே தேவைப்படாது. கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் மணமும் நிறமும் கலந்தவை அவை. தானியத்திலிருந்து வராத காரணத்தாலேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. டாஸ்மாக் கடையில் வாங்கியதில் துவர்ப்பைத் தேடிப் பார்த்தால் இது புரியும், பெரும்பாலும் அது இருக்காது.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கமும் உண்டு. 92க்கும் 94க்கும் இடையே நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பலகைக்கு முன், பலகைக்குப் பின் என்று இரண்டு வரி எழுதிவைப்பது அந்த எண்ணைவிட உருப்படியானது. அதற்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லிலிட்டர் போதும். தீங்கில்லாத குடி அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம்.